ஸ்டெல்லாவின் கை இருந்த இடம்

மாதாப்பூரில் மசாஜ் தெரபிஸ்டாக வேலை பார்த்த ஸ்டெல்லாவின் இரண்டு கைகளிலும் இருந்த தொடுவுணர்வு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் பிடித்திருந்த தேக்குக் கட்டைக்குள் இறங்கிவிட்டது. அதற்கு முன்னால் நடந்தது எல்லா தெரபிஸ்டுகளுக்கும் நடப்பதுதான். வருடக்கணக்காக கம்ப்யூட்டர்க்காரர்களின் முதுகை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மூட்டு தேய்ந்துபோய், சப்பாத்தி மாவு பிசையவே முகம் சுளிக்க ஆரம்பித்திருந்தாள். சென்டர் முதலாளி வேணுகோபால் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கெட்டவர் இல்லை, கொஞ்சம் கறார். விரலுக்குப் பதிலாக வைத்து அழுத்தத் தேக்கில் கடைந்த ஒரு டூல் வாங்கிக் கொடுத்தார். மேலே உள்ளங்கைக்கு அடங்கும் குமிழ், கீழே மழுங்கிய தண்டு. பார்க்க ஒரு காளான் மாதிரி இருக்கும்.

அன்றைக்குக் குப்புறப் படுத்திருந்தவரின் தோள்பட்டைக்குக் கீழே, ஒரு கைமேல் மறு கை வைத்து அதை அழுத்தியபோது, மரத்தின் நுனியில் தோலின் சூடும் எண்ணெயின் வழுவழுப்பும் உள்ளே இறுகிக் கிடந்த சதை முடிச்சும் தெரிந்தன. கட்டையை வைத்துவிட்டு வெறும் கையால் தடவினாள். ஒன்றும் தெரியவில்லை. கைகள் பிடித்தன, தூக்கின, சொன்ன வேலையைச் செய்தன. தொட்டது என்னவென்று மட்டும் அவற்றுக்குத் தெரியாமல் போயிற்று. ஸ்டெல்லா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டைவிரல் வலியும் கூடவே போய்விட்டதால் அவளுக்கு நிம்மதிதான்.

சிக்கல் என்னவென்றால், டூல் சென்டரின் பொருள். வேலை முடிந்ததும் அதை டெட்டால் தண்ணீரில் முக்கி, துடைத்து, அலமாரியில் பூட்டிவிடுவார்கள். ஆகவே போலாரத்தில் இருந்த வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போதே ஸ்டெல்லாவின் கைகளில் ஜில்லிப்பு ஏறும். அவளுடைய விடுமுறை நாளில், அவளோடு வேலை பார்க்கும் ஷர்மிளா அந்த டூலை எடுத்தால், வீட்டில் பருப்பு தாளித்துக்கொண்டிருக்கும் ஸ்டெல்லாவின் கையில் முன்பின் தெரியாத ஒருவரின் முதுகு வந்து நிற்கும். உடனே போன் போடுவாள். "ஷர்மி, அங்க இல்லடி. இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல வா. ஹவ், அதேதான், அமுக்கு." ஷர்மிளா போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அமுக்குவாள், படுத்திருப்பவர் சுகமாக முனகுவார். சென்டரின் பேர் ஹைடெக் சிட்டி முழுக்கப் பரவியது. ஸ்டெல்லாவின் கணவன் மணிவண்ணன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவன். தான் பிடித்தால் அவளுக்குத் தெரியாது என்று தெரிந்தும், சர்ச்சுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, இனி பிள்ளை இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு, ஹம்ஸினி பிறந்தாள். நர்ஸ் கொண்டுவந்த பிள்ளையை ஸ்டெல்லா வாங்கிக்கொண்டாள். கன்னத்தோடு கன்னம் வைத்தால் தெரிந்தது, மார்பில் வாய் வைத்தால் தெரிந்தது. கைகளில் மட்டும் அந்த நேரம் யாரோ ஒரு மேனேஜரின் இடுப்பு இருந்தது. குளிப்பாட்டும் தண்ணீரின் சூட்டை அவள் முழங்கையால் பார்த்தாள். பிள்ளை அவள் விரலைப் பிடித்தபடி தூங்கும். இன்னும் பிடித்திருக்கிறதா, விட்டுவிட்டதா என்பதைக் குனிந்து கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை வருடம் தூக்கிக் கொஞ்ச ஏங்கிய பிள்ளை தன் கைக்கு வந்து சேரவே இல்லையே என்று ஸ்டெல்லா வாய்விட்டு அழுதாள்.

டூலைக் கொடுத்தனுப்பச் சொல்லிப் போனில் கேட்டாள். "நக்கோ ஸ்டெல்லா, அது மட்டும் வேணாம்," என்றார் வேணுகோபால். "நீ லீவுல இருக்க, சரி. டூலும் லீவுல போச்சுன்னா நான் சென்டர மூடிட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான். வேற எது வேணாலும் கேளு." மணிவண்ணன் தானே கடைந்த ஒரு புதுக் கட்டையை எடுத்துப்போய் மாற்றாகக் கொடுத்துப் பார்த்தான். அது என்ன, வெறும் மரமாக இருக்கிறதே என்று வாடிக்கையாளர்கள் முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிள்ளைக்குத் தலை நின்ற பிறகு ஸ்டெல்லா அவளைத் தூக்கிக்கொண்டு, பஸ் மாறி மாதாப்பூர் போய் இறங்கினாள். ஷர்மிளா உள்ளே ஒருவரின் பிடரியில் வேலையாக இருந்தாள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்த ஸ்டெல்லா அந்தப் பிடரி தன் கையைவிட்டுப் போகும்வரை காத்திருந்தாள். ஷர்மிளா வெளியே வந்தாள். டூலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தண்டைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாள். ஹம்ஸினி விரல்களை மடக்கிப் பிடித்தாள்.

"ஐயோ," என்றாள் ஸ்டெல்லா. "என்னா சூடுடி இவ கை. எம்மாம் சின்னது." சொல்லிவிட்டுத் தேம்ப ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டு வந்த வேணுகோபால், யாரைக் கேட்டு டூலை வெளியே எடுத்தாய் என்று ஷர்மிளாவை அதட்டிக்கொண்டே குமிழைப் பிடித்து இழுத்தார். பிள்ளை வீறிட்டது, விடவில்லை. ஸ்டெல்லா "சார், வலிக்குது" என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். யாருமே தொடாத அவளுடைய ஆள்காட்டி விரலைச் சுற்றி, நூல் கட்டி இறுக்கியதுபோல் மெல்லிய சிவப்பாக நான்கு கோடுகள் விழுந்திருந்தன. வேணுகோபாலுக்கும் பிள்ளைகள் உண்டு. குமிழை விட்டுவிட்டார். "சரிம்மா, எடுத்துட்டுப் போ. லீவு முடிஞ்சா ரெண்டு பேரும் சேந்து வந்துருங்க" என்றவர், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்படியே ஆயிற்று. டூல் காலையில் ஸ்டெல்லாவோடு வேலைக்கு வந்தது, சாயங்காலம் அவளோடு வீட்டுக்குப் போனது. ஷர்மிளா வேறொரு டூலுக்குப் பழகிக்கொண்டாள். சென்டர் கொஞ்சம் நொடித்து, பிறகு தேறிவிட்டது. ஹம்ஸினி இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழில் பேசினால் தெலுங்கில் பதில் சொல்வாள். ரோட்டைத் தாண்டும்போது அம்மா குமிழைப் பிடித்துக்கொள்ள, மகள் தண்டைப் பிடித்துக்கொள்வாள். போலாரத்தில் யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. காய்ச்சல் வந்து படுத்தால் ஹம்ஸினி அம்மாவின் கை வேண்டுமென்று கேட்பாள். மணிவண்ணன் எழுந்துபோய் அதைப் பையிலிருந்து எடுத்துவந்து மகளின் நெற்றியில் வைப்பான். ஸ்டெல்லா அடுப்படியில் இருந்தபடியே, இப்போது குறைந்திருக்கிறது, போர்வையை எடுத்துவிடு என்று சொல்வாள்.