மணி அடிக்காத சுற்று

“மணி இல்லாம ராட்டினம் எப்டிக்கா வுடறது—”

“நான் சொல்றத முழுசா கேளு வேம்புலி—”

“நீ முழுசா சொல்றதுக்குள்ள சாமி ஊர்வலமே வந்துரும். தள்றவனுங்க ரெண்டு பேரும் குனிஞ்சிகினு தள்றானுங்க. மணி அடிச்சாத்தான் நிப்பானுங்க.”

“சுத்தி வரப்போ முதுவுல தட்டு. நிக்கமாட்டானா? மாடா அவன்?”

அண்ணனூர் அம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் குடைராட்டினம் போடுகிறவன் வேம்புலி. சொர்ணம் அவனோடு மல்லுக்கு நின்றது தன் தம்பிக்காக. அப்பாவு என்று பெயர். முப்பது தாண்டிய ஆள். பேச்சு ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுவிடும். கிணற்று உருளையோ சைக்கிள் சக்கரமோ, சுற்றுகிற எதையும் கண் எடுக்காமல் பார்ப்பான். மணிச் சத்தம் மட்டும் ஆகாது. போன வருஷம் ராட்டினத்தின் பக்கம் வரைக்கும் வந்தவன், மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு ரயில் பாதைவரை ஓடிவிட்டான். இந்த முறையாவது அவன் ராட்டினத்தின் மரக்குதிரைமேல் உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் சொர்ணம் வந்திருந்தாள்.

“அது மொதல்ல குந்துமாக்கா?”

“அவனுக்குக் காது நல்லா கேக்குது. அவனையே கேளேன்.”

“கேட்டா பதில் வருமா?”

“வரும்போது வரும்.”

வேம்புலி கேட்கவில்லை. அலுத்துக்கொண்டே தள்ளுகிறவர்களிடம் போய், “முதுவுல தட்டுவேன், நின்னுருங்க” என்றான்.

அப்பாவு ஏறினான். ராட்டினம் நகர்ந்தது. முதல் சுற்றில் குதிரையின் கழுத்தை இறுகக் கட்டியிருந்தவன், மூன்றாவதில் கன்னத்தை அதன்மேல் சாய்த்துக்கொண்டான். ஒவ்வொரு முறை அவன் கடக்கும்போதும் சொர்ணத்தின் கை தானாக முன்னால் நீண்டது.

வேம்புலி தள்ளுகிறவர்களின் முதுகில் தட்டினான். ராட்டினம் நின்றது. ஒருத்தரும் இறங்கவில்லை.

“எறங்குங்கப்பா, முடிஞ்சிது.”

“எங்க முடிஞ்சிது? மணி அடிக்கலியே” என்றாள் ராட்டினப் பெட்டியில் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம். “பாதியில நிறுத்திட்டு ஏமாத்தப் பாக்கறியா?”

“ஆமா, மணி அடி, எறங்கறோம்” என்றார்கள் மற்றவர்களும்.

பழக்கதோஷம், வேம்புலியின் கை மணிக் கயிற்றுக்குப் போயிற்று. அப்பாவு அதைப் பார்த்துவிட்டான். குதிரையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்தினான். உடம்பு ஒருபக்கம் சரிந்தது. சொர்ணம் பாய்ந்து போய் அவன் இடுப்பைத் தாங்கினாள்.

வேம்புலி கயிற்றை விட்டான். எக்கி, மணியின் நாக்கைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டான்.

“இன்னிக்கு மணி கெடையாது, பஞ்சவர்ணம். ஏன்னு யாரும் கேக்காதீங்க.”

பிறகு மெல்ல நடந்து குதிரைக்குப் பக்கத்தில் வந்தான். அப்பாவுவின் கைகள் காதைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் குதிரையின் கழுத்துக்குத் திரும்பும்வரை காத்திருந்தான். தம்பிக்காகப் பதில் சொல்லியே பழகிய சொர்ணம், அவன் இடுப்பை விட்டு ஓரடி விலகி நின்றாள். வேம்புலி அப்பாவுவைப் பார்த்துக் கேட்டான்:

“அண்ணாத்தே, நீயே சொல்லு. எறங்கலாமா, இன்னொரு சுத்து போலாமா?”