உங்கள் இருக்கைக்கு அடியில்

ப்ரியதர்ஷினிக்கு விமானத்தில் வேலை என்றதும் சங்கரன்கோவிலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஏர்ஹோஸ்டஸ் இல்லை, திருவனந்தபுரத்தில் விமானம் தரையில் நிற்கும்போது உள்ளே போய் சீட்டுக்குச் சீட்டு குனிந்து பார்க்கிற வேலை என்று தெரிந்ததும் பிளந்த வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “அப்பம், கூட்டிப் பெருக்குத வேலைன்னு சொல்லு” என்று தாய்மாமன் ராஜதுரை தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அந்தக் குடும்பத்தில் அப்பீல் கிடையாது.

ராஜதுரை மாமா மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போடாதவனை கேட்டுக்குள்ளேயே விடமாட்டாராம். அதைச் சொல்லும்போது அவருடைய தொப்பை இன்னும் ஒரு சுற்று பெருக்கும். ஊருக்கு லீவில் வந்தாலோ, ஹெல்மெட் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தொங்கும், தலை காற்று வாங்கும். இந்த மனிதரைத்தான் ப்ரியாவின் அம்மா மாலா குலதெய்வத்துக்கு அடுத்த இடத்தில் வைத்திருந்தாள். அண்ணன் சொன்னால் சரி, அண்ணன் தும்மினாலும் சரி.

மாமா சிரித்த அந்த வேலைக்குத்தான் ப்ரியா நாலு வருஷம் படித்து, ராப்பகலாய்க் கண்விழித்துப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, அதன் காற்றுக் குப்பி கெடு தாண்டிவிட்டதா, தீயணைப்பானில் அழுத்தம் சரியா, தலைக்கு மேலே ஆக்ஸிஜன் முகமூடி விழுமா, எல்லாவற்றையும் தேதி தவறாமல் பார்க்க வேண்டும். கெட்டதை மாற்ற வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் விமானம் கிளம்பக் கூடாது என்பது சட்டம். நூற்றெண்பது சீட்டு, நூற்றெண்பது தடவை முட்டி போட வேண்டும். அலுப்புப் பிடித்த வேலைதான், யார் இல்லை என்றது? ஆனால் நடுக்கடலுக்கு மேலே ஏதாவது ஆகிப்போனால் அந்த முட்டிபோட்ட வேலைதான் ஆளைக் காப்பாற்றும். இது விளங்குவதற்கு மூளை வேண்டும், தொப்பை போதாது.

இப்போது அந்தக் கையெழுத்தில்தான் வினை வந்து சேர்ந்தது. போன திங்கட்கிழமை ஒரு விமானத்தை முழுக்கச் சோதித்து, எல்லாம் இருக்கிறது என்று ப்ரியா கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே விமானம் மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கியதும் அதிகாரிகள் திடீர்ச் சோதனைக்கு ஏறினார்கள். பதினேழு சி சீட்டுக்கு அடியில் ஜாக்கெட்டைக் காணோம். அடுத்த பயணம் மூன்று மணி நேரம் தாமதம். கடைசியாகப் பார்த்தது யார் என்று தாளைப் புரட்டினால் ப்ரியதர்ஷினி.

“குனியாமலே டிக் போட்டிருக்கிறாய்” என்றார் மேலதிகாரி. அவர் ஒரு சீட்டுக்கு அடியில் குனிந்து பத்து வருஷமாவது இருக்கும். ப்ரியா தன் நோட்டை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு ஜாக்கெட்டின் கடைசி நாலு எண்ணையும் எழுதி வைப்பது அவள் வழக்கம். பதினேழு சி-க்கு நேரே 4471 என்று இருந்தது. “ஸ்டோர் லிஸ்டைப் பார்த்து இதை எப்போ வேண்டுமானாலும் எழுதலாமே” என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். வருகிற திங்கட்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. பொய்க் கையெழுத்து என்று முடிவானால் வேலையும் போகும், உரிமமும் போகும். பிறகு எந்த ஊர் விமானத்தையும் அவள் தொட முடியாது.

சனிக்கிழமை பஸ் மாறி மாறி வீடு வந்து சேர்ந்தாள். அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னாள். அம்மா கேட்ட சூட்டோடு சூடாக அண்ணனுக்குப் போன் போட்டு, மகள் வேலைக்கு ஆபத்து என்று மட்டும் ஒப்பித்துவிட்டாள். மாமா புதன்கிழமைதான் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தார். மறுநாள் குருவிகுளம் ரோட்டிலுள்ள அவர் தோட்டத்தில் கறி விருந்து. ப்ரியா வரமாட்டேன் என்றாள்.

“ஏட்டி, மாமாவுக்கு நாலு பெரிய ஆளத் தெரியும். ஒரு வார்த்த சொன்னா ஒன் வேல தங்கும். மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடாம வா” என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள்.

தோட்டத்துக்குள் நுழையும்போதே கிணற்றுக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டது. மெல்லிசான, கூரான சத்தம். ப்ரியாவுக்கு அந்தச் சத்தம் எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. கிணற்று விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

மாமா மிதந்துகொண்டிருந்தார். நீச்சல் தெரியாத மனிதர், அரைக் கிணறு தண்ணீரில் மல்லாந்து, ஊறப்போட்ட பருத்தி மூட்டை மாதிரி மிதந்துகொண்டிருந்தார். கழுத்தில் மஞ்சள் நிறத்தில் உப்பிய லைஃப் ஜாக்கெட். வாயில் அதிலிருந்த விசில். தோள்பட்டையில் சின்ன விளக்கு ஒன்று பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. மேலே நின்ற மகாராஜன், டவுனில் ஆறு தறி ஓட்டுகிறவர், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணாச்சி, லைட்டு சுவிட்சு எங்கன இருக்கு?”

“சுவிட்சே கெடையாது வே! தண்ணி பட்டா தானா எரியும். மஸ்கட்ல பெரிய மால்ல வாங்குனது. இங்கன எல்லாம் காசக் கொட்டுனாலும் கெடைக்காது.”

“யப்பா! அண்ணாச்சி கைபட்ட சாமானே தனிதான்” என்றார் மகாராஜன். திருட்டுச் சாமானுக்கு இப்படி ஒரு பாராட்டு விழா எந்த ஊரிலாவது நடக்குமா?

ப்ரியா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மடமடவென்று படியிறங்கினாள். கடைசிப் படியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மாமா ஆடிக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டின் மார்பில் கறுப்பு எழுத்தில் எண் இருந்தது. கடைசி நாலும் 4471. இன்னொரு தடவை படித்தாள். 4471-தான். தெய்வமே என்று அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது.

“மாமா, இது மால்ல வாங்குனது இல்ல. நீங்க புதன்கிழம வந்த விமானத்துல உள்ளது.”

மாமா விசிலைத் துப்பினார். முகத்தில் வெட்கம் தெரியும் என்று பார்த்தால், ஒரு பொட்டுகூட இல்லை.

“ஆமாட்டி, எடுத்தேன். அதுக்கென்ன இப்பம்?”

“அது எடுக்கக் கூடாது மாமா!”

“எவஞ் சொன்னான்? அந்த ஏர்ஹோஸ்டஸ் புள்ளதான கையக் கைய ஆட்டிச் சொல்லிச்சு, ‘யுவர் லைஃப் ஜாக்கெட் இஸ் அண்டர் யுவர் சீட்’டுன்னு. யுவர்னா என்ன? உங்க. உங்கன்னா யாரு? டிக்கெட் எடுத்து உக்காந்திருக்க நான். என் ஜாக்கெட்ட நான் எடுத்தேன். இங்கிலீசு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

மகாராஜன் மேலேயிருந்து கையைத் தட்டினார். “சரியான பாயிண்டு அண்ணாச்சி!”

இருபது வருஷம் அடுத்தவனுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்த மனிதரின் இங்கிலீஷ் இது. ப்ரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, விசாரணையைப் பற்றி எடுத்துச் சொன்னாள்.

“நீங்க புதன்கிழம எடுத்தியன்னா, நான் திங்கக்கிழம பாக்கும்போது அது அங்கன இருந்திருக்கு. நான் பொய்க் கையெழுத்துப் போடலன்னு இது ஒண்ணுதான் சாட்சி. இதக் குடுங்க, நாளைக்கி ஒரு எட்டு கூட வந்து சொல்லுங்க. அது போதும்.”

மாமாவின் முகம் மாறியது. அடுத்தவளுடைய வேலை போகிறது என்றபோது மாறாத முகம், தன் பெயர் வெளியே வரும் என்றதும் சுண்டிப்போனது.

“ஏட்டி, கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? களவாணின்னு எழுதி மஸ்கட்டுக்கு அனுப்புனான்னா என் விசா என்னத்துக்கு ஆகும்? ஊர்ல என் மானம் மரியாத என்னாகும்? ஒரு பாலிதீன் பைக்குப் போயி தாய்மாமன ஸ்டேஷன்ல நிப்பாட்டுவியா?”

அம்மா பாதிப் படி இறங்கி வந்துவிட்டாள். “அண்ணன் சொல்லுதது ஞாயந்தான ப்ரியா? ஒனக்கு இன்னொரு வேல கெடைக்காதா? அப்படி என்ன கலெக்டர் வேலையா? சீட்டுக்கு அடியில குனியுத வேலதான?”

பெற்ற தாய் இதைச் சொன்னாள். ப்ரியாவுக்கு அந்தத் தண்ணீரிலேயே குதித்துவிடலாம்போல் இருந்தது. நாலு வருஷப் படிப்பு, நூற்றெண்பது முட்டி, நாலு எண், எல்லாவற்றையும்விட இவருடைய திருட்டு மரியாதை பெரிதாம். அவளுக்கு இப்போது அழுகை போய் அருவருப்புதான் வந்தது.

“மாமா, என் வேலைய விடுங்க. புதன்கிழமயில இருந்து வெள்ளிக்கிழம வர அந்த விமானம் கடலுக்கு மேல போயிட்டும் வந்துட்டும் இருந்துச்சு. அந்த சீட்டுல ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் உக்காந்திருக்காங்க. தண்ணியில எறங்குற மாதிரி ஆயிருந்தா அவங்க அடியில கைய விட்டுத் தேடியிருப்பாங்க. அங்க வெறும் பைதான் இருந்திருக்கும். அதயாவது நெனச்சுப் பாத்தியளா?”

“எவனோ ஒருத்தன் உக்காந்திருப்பான்” என்றார் மாமா. “அதான் விழலல்லா? விழாததுக்கு எதுக்குட்டி ஒப்பாரி வைக்க?”

சேஃப்டி ஆபீசர்!

“எந்த சீட்டு?”

குரல் மேலேயிருந்து வந்தது. மாமாவின் மனைவி ஆறுமுகத்தாய், சாப்பிடக் கூப்பிட வந்தவள், கையில் கரண்டியோடு விளிம்பில் நின்றாள். மூன்று மாதம் மஸ்கட்டில் புருஷனுக்குப் பொங்கிப் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமைதான் திரும்பியிருந்தாள். புதன்கிழமைக்கு ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைத்தது என்று மாமா முதலில் ஏறி வந்துவிட்டார். அத்தை அதிகம் பேசுகிறவள் இல்லை. மாமா பேசும் இடத்தில் அவளுக்கு இடைவெளி கிடைத்ததும் இல்லை.

“பதினேழு சி அத்த” என்றாள் ப்ரியா.

அத்தை கையிலிருந்த கரண்டியைத் தாழ்த்தினாள். அந்த நேரத்திலாவது மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“நல்ல சீட்டுவே மகாராஜா” என்று மாமா பேச்சை மாற்றினார். “முன்னால சீட்டே கெடையாது. கால நல்லா நீட்டிக்கிடலாம். அதான் டிராவல்ஸ்காரன்ட்ட சொல்லி…”

சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

“எனக்கும் அதையே போடச் சொன்னிய” என்று அத்தை முடித்துவைத்தாள். “வெள்ளிக்கிழம பதினேழு சி-ல வந்தவ நாந்தான். ஏறுனதுல இருந்து ஈரக்கொல நடுங்கிட்டு இருந்தேன். கீழ பாத்தா தண்ணி, தண்ணி, ஒரே தண்ணி. சங்கரநாராயணான்னு கண்ண மூடிட்டு இருந்தேன். அந்தப் புள்ள வந்து, பயப்படாதீங்கம்மா, அடியில ஜாக்கெட் இருக்குன்னு கையப் புடிச்சிச் சொல்லிச்சு. அதக் கேட்டுத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.”

“ஏ, அதே விமானத்துல நீதான் வருவன்னு நான் நெனச்சேனா? தெரிஞ்சா எடுப்பனா?” என்றார் மாமா.

“அப்பம் நான் இல்லன்னா எடுக்கலாமா?”

மாமா விசிலைத் தேடி எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். மகாராஜன் மெல்ல நகர்ந்து வேப்பமரத்துப் பக்கம் போய், வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அம்மா மாலா அண்ணன் முகத்தையும் மதினி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் படியைப் பார்த்தாள்.

அத்தை படியிறங்கினாள். ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல், கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு இறங்கினாள். அம்மாவைத் தாண்டி, ப்ரியாவைத் தாண்டி, தண்ணீர் கால் நனைக்கும் படியில் நின்று வலக்கையை நீட்டினாள்.

“கழட்டுங்க.”

“வெளிய வந்து தாரேன். இங்கன ஆழம்.”

“படியத்தான பிடிச்சிருக்கிய. கழட்டுங்க.”

“ஏ, கழட்டுனா முங்கிருவேன்!”

“மூணரை மணி நேரம், கடலுக்கு மேல, நான் இது இல்லாமத்தான் வந்தேன்” என்றாள் ஆறுமுகத்தாய்.

அவள் குரல் ஏறவே இல்லை. ஆனால் நீட்டிய கையை அவள் இறக்கவும் இல்லை. மாமா ஒரு கையால் படியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இடுப்புப் பட்டையை அவிழ்த்தார். தலைவழியாக உருவும்போது விளக்கு மூக்கில் இடித்தது. ஜாக்கெட் கைவிட்டுப் போனதும் கழுத்துவரை உள்ளே போனார். பதறிப்போய் இரண்டு கையாலும் படியைக் கட்டிக்கொண்டார். அவரைத் தூக்கிவிட அங்கே யாரும் கை நீட்டவில்லை.

அத்தை ஜாக்கெட்டிலிருந்த தண்ணீரை உதறி, எண் அழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, ப்ரியாவிடம் கொடுத்தாள்.

“நாளைக்கி நானும் வாரேன் மக்கா. காலம்பற எத்தன மணிக்குப் பஸ்ஸு?”

“நீங்க எதுக்கு அத்த?”

“அந்த சீட்டுல ஒண்ணும் இல்லாம உக்காந்து வந்தது யாருன்னு கேப்பாங்கல்லா, நாந்தான்னு சொல்லுதேன். எடுத்தது யாருன்னு கேட்டா, அதயும் நானே சொல்லுதேன்.”