மூன்று-ஏ படைப்பிரிவின் பொன்னி

மொரீஷியஸ் தீவின் போ பசான் ஊருக்கு 1943-ஆம் வருஷம் முழுக்க எதிரி விமானம் ஒன்றுகூட வரவில்லை. லிண்ட்சே வேலாயுதனுக்கு அதில் பெரிய மனக்குறை. சுங்க அலுவலகத்தில் அவர் எழுத்தர். எந்தப் போர் விமானத்தையும் நிழலைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைப் பரப்பியவரும் அவரேதான். தீவின் மேலே பறந்தவை தண்ணீரில் இறங்கும் கடற்படை விமானமும், மாலையில் மாமரம் தேடி வரும் வௌவால்களும் மட்டுமே. ஆகவே மனிதர் ரஷ்யாவுக்குப் போய்விட்டார், பத்திரிகை வழியாக.

ஞாயிற்றுக்கிழமைகளில் தையற்கடை பியேரின் மாடியில் சொற்பொழிவு. சுவரில் பத்திரிகைப் படங்கள், கையில் பில்லியர்ட்ஸ் குச்சி. "மூக்கு மஞ்சளா? அது ஒரு ரெஜிமெண்ட். வாலில் வெள்ளைப் பட்டையா? அது வேறு. நட்சத்திரத்தைச் சுற்றி விளிம்பு உண்டா இல்லையா என்று பார்க்கத் தெரியாதவன் பத்திரிகை வாங்கியே பயனில்லை." இருபது பேர் பயபக்தியோடு கேட்டார்கள். பியேர் தரும் தேநீருக்கும் அந்தப் பக்தியில் பங்குண்டு.

ஒரு ஞாயிறன்று வந்த படத்தில் யாக் என்ற ரஷ்யப் போர் விமானம் ஒன்று. அதன் விலாவில் பெரிய பெரிய எழுத்துகள். முதலில் 3 என்ற எண், அடுத்து A.

"மூன்று-ஏ படைப்பிரிவு," என்றார் லிண்ட்சே, யோசிக்காமல். ரஷ்ய எழுத்தில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. அந்த மூன்றே ஓர் எழுத்தாக இருக்கலாம் என்று தெரியாத அளவுக்குத் தெரியாது. அடுத்து P, O. பிறகு முக்காலி மாதிரி ஏதோ ஒன்று. அலங்காரம் என்று தள்ளினார். பிறகு முதுகைக் காட்டி நிற்கும் N. பிறகு H, Y.

குச்சி அந்தரத்தில் நின்றது.

"ஆயோ! பொன்னி!" என்று கத்தினார் பியேர்.

மொரீஷியஸில் பொன்னியை PONHY என்று எழுதும் குடும்பம் ஒன்றுதான். கப்பலிலிருந்து இறங்கிய பொன்னியப்பனின் பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் பாதி கேட்டு, வாலை வெட்டி, நடுவில் ஒரு வேண்டாத H-ஐச் செருகிவிட்டார். அவருடைய பேரன் எட்மோன் பொன்னி பேக்கரியில் மாவு பிசைந்தவன். பயோனியர் என்ற கூலிப் பணிப் படையில் சேர்ந்து ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பள்ளம் தோண்டப் போனான். அங்கே தோப்ரூக் நகரம் எதிரி கையில் விழுந்த பிறகு, காணவில்லை என்று தந்தி வந்தது. அதற்கப்புறம் பேச்சு மூச்சில்லை.

"விமானி பெயரை விமானத்தில் எழுதுவது வழக்கம்," என்றார் லிண்ட்சே. "பிரெஞ்சுக்காரர்களே அங்கே பறக்கிறார்கள். நம்மவன் பறக்கக்கூடாதா?"

அன்று மாலையே எட்மோனின் மனைவி பூங்காவனம் கடைக்கு வந்தாள். காதில் தோடு, நெற்றியில் பொட்டு. இரண்டையும் எடுத்துவிட்டுக் கணவனுக்குக் காரியம் செய்ய வேண்டும் என்று மாமியார் நாள் குறித்திருந்தார்; பிள்ளையின் ஆத்மா மணலில் அலைவதாகக் கனவாம். பூங்காவனம் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"நிச்சயமா, மிசியே?"

அந்த இடத்தில், தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். மாடிப்படியில் இருபது பேர் காது கொடுத்து நின்றார்கள்.

"சந்தேகத்துக்கு இடமே இல்லை," என்றார் லிண்ட்சே.

காரியம் நின்றது. சாந்த் குருவா கோயிலில் எட்மோன் பேருக்கு அர்ச்சனை நடந்தது. லிண்ட்சேவுக்கு மாலை விழுந்தது. தலையை அளவாகக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ரோஸ் ஹில் சினிமாவில் ரஷ்யப் போர்ச் செய்திப்படம் வந்தது. லிண்ட்சே முன்வரிசையில், நடுநாயகமாக. திரையில் ஒரு டாங்கி உருண்டது. அதன் விலாவில் மூன்று, A, P, O, முக்காலி. அடுத்து ரயில் எஞ்சின்; அதிலும் அதே. அடுத்து ஒரு பீரங்கிக் குண்டில் ஒரு பெண் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாள், அதுவும் அதே. பிரெஞ்சில் ஒரு குரல் உருக்கமாக விளக்கியது: "எங்கும் இந்தச் சொற்களே. தாய்நாட்டுக்காக!"

பின்வரிசையிலிருந்து பியேரின் குரல்: "ஏய், எட்மோன் இப்ப குண்டுக்குள்ள பூந்துட்டான்டோய்!"

கொட்டகை இடிந்து விழுவதுபோல் சிரிப்பு. லிண்ட்சேயின் காது முதல் கழுத்து வரை எரிந்தது. விளக்கு எரியும் முன்பே, குனிந்தபடி, சுவரோரமாக வெளியேறினார்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போகாமல் பொன்னி வீட்டுக்குப் போனார். பூங்காவனம் முற்றத்துக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அது பேர் இல்லை. நான்... எனக்கு அந்த எழுத்தே தெரியாது."

"தெரியும், மிசியே."

"எது?"

"அவருக்கு சைக்கிள் ஏறவே வராது. ரெண்டு தடவை கால்வாய்ல விழுந்தாரு. ஏரோப்ளேனா ஓட்டப்போறாரு?" துணியைப் பிழிந்தாள். "ஆனா நீங்க படிச்சவரு. நீங்க சொன்னதால மாமியார் சும்மா இருந்தாங்க. அவரு செத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாம நான் பொட்டை அழிக்க மாட்டேன். சினிமாக் கதை காலையிலேயே அவங்க காதுக்கு வந்தாச்சு. உள்ள வந்து, அவரு இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

தன் மானம் போன கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வந்தவர், மீதி மானத்தையும் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதாயிற்று.

மாமியார் கட்டிலில் இருந்தார். வாசலில் அக்கம்பக்கத்தார், அவர்களுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு பியேர்.

"எல்லா வண்டியிலயும் என் பிள்ளை பேராமே? ஊரு சிரிக்குது."

"அவ்வளவு பெரிய ஆளாயிட்டார், அம்மா," என்றார் லிண்ட்சே. தன் பழைய சொற்பொழிவுக் குரலே வெளியே வந்தது. அதைக் கேட்க அவருக்கே கூசியது. "வீரர்கள் பேரை எல்லா வண்டிக்கும் வைக்கிறது ரஷ்ய வழக்கம்."

பியேருக்கு இருமல் வந்தது.

கிழவி அவரை உற்றுப் பார்த்தார். "தெருவுல பேசுற இந்தக் கிரியோல்ல யார் வேணா என்ன வேணா சொல்லலாம். கோயில் பாஷையில சொல்லு."

லிண்ட்சேயின் தமிழ் தேவாரத்தின் இரண்டு வரி, அரோகரா, உறவு முறைகள், அவ்வளவுதான். அந்த மொழியில் அதுவரை சாமியிடம் மட்டுமே பேசியிருக்கிறார், அங்கே பொய் சொல்லும் அவசியம் வந்ததில்லை. பூங்காவனத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைவிரலிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டியது.

"மகன்..." என்று தொடங்கினார். சொல் அகப்படவில்லை. "மகன்... உசிர் இருக்கான்."

"உரக்க. அவங்களுக்கும் கேக்கட்டும்."

லிண்ட்சே வாசல் பக்கம் திரும்பினார். பியேர் இப்போது சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"உசிர் இருக்கான்," என்றார், தெருவுக்கே கேட்கும்படி.