சூளை வாசலில் ஒரு கை

ஓட்டு ஆலையின் வரலாறு எழுதுகிறேன் என்று வந்தவன் சொன்னதுமே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மண்ணோடு மண்ணாய்ப் போன ஆலைக்கு என்ன வரலாறு வேண்டிக்கிடக்கிறது? நிலத்தை நோட்டம் பார்க்க வந்தவன், வரலாறு கிரலாறு என்று கதை விடுகிறான். உடைந்த வாசற்படிக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தவள், கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"யாரு அனுப்பினா உங்கள?"

"யாரும் இல்லம்மா. உங்க வீட்டுக்காரர்தான் இங்க கடைசிச் சூளைக்காரர்னு சொன்னாங்க."

"அவசரக்காரன்னும் சொல்லிருப்பாங்களே."

அவன் தலை குனிந்தான். சொல்லாமல் இருப்பார்களா? சூளை வாசலைக் கல்லடுக்கி மண் பூசி மூடியதும், ஈரத்தில் சூளைக்காரர் தன் கையைப் பதிப்பார். சூளை ஆறும்வரை அந்தக் கையை யாரும் கலைக்கக் கூடாது. கடைசி வேக்காட்டில் யாரோ முன்னதாகவே திறந்துவிட, குளிர்காற்று புகுந்து அத்தனை ஓடும் வெடித்தது. ஆலை படுத்தது. பழி அவள் புருஷன் தலையில் விழுந்தது. 'வாசல்ல இருந்தது என் கை இல்ல' என்று சாகும்வரை சொன்னார். காட்டுவதற்கு அவர் ஆட்களைக் கூட்டிவருவதற்குள், உள்ளே என்ன ஆச்சோ என்ற பதற்றத்தில் அவளுடைய அண்ணன் வாசலை இடித்துப்போட்டிருந்தார். அவளே புருஷனைப் பாதிதான் நம்பினாள். அது இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது.

அந்த அண்ணன்தான் இப்போது படியின் காய்ந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சூளைக்கு விறகு தள்ளியவர். புருஷன் போனபின் இவள் குடும்பத்தைத் தாங்கியவர்.

"செத்தவரப் பத்தி என்ன தம்பி பேச்சு? போய் வேற வேலயப் பாருங்க."

நல்லாச் சொன்னே அண்ணே என்று அவளுக்கு இருந்தது.

வந்தவன் அசரவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே வெந்து சிவந்த மண் பாளம். "சூளை இருந்த இடத்துல, இடிபாட்டுக்கு அடியில கெடந்துச்சும்மா."

அவள் குனிந்து பார்த்தாள். அடியில் ஒரு பூச்சு, அதன்மேல் இன்னொரு பூச்சு. திறந்தவன் மறுபடி மூடியிருக்கிறான். மூடிவிட்டு, கையையும் பதித்திருக்கிறான். ஐந்து விரலும் முழுசாக இருந்தன. அவள் புருஷனுக்குச் சுண்டுவிரல் பாதிதான். மீதியை ஓடு அழுத்தும் இயந்திரம் கல்யாணத்துக்கு முன்பே தின்றுவிட்டது.

பெருவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

அவள் பார்வை அண்ணனின் கைமேல் போனது. வந்தவனை மறந்தே போனாள்.

"வெயில் ஏறுது, நான் கெளம்புறேன்" என்றார் அண்ணன். முழங்கால் வலிக்காரர், பக்கத்தில் கையை ஊன்றாமல் அவரால் எழ முடியாது. கை வழக்கம்போல் இறங்கியது. ஈரச் சிமெண்டுக்கு மேலே வந்து நின்றது.

"ஊனிக்கோண்ணே" என்றாள் அவள். "பூச்சு கெட்டா பரவாயில்ல."

அண்ணன் கையை இழுத்துத் தோள்துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.