ஏழு மணிக்கு வரும் ஃபோன்

ஷாஹுல் ஹமீது மவுத்தான பதினொன்றாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டு ஃபோன் அடித்தது. துக்க வீட்டில் ஃபோன் அடித்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஜமீலுன்னிசா எடுத்தாள். பேச்சு இல்லை. 'பீப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி 'பீப்'. ஒரு நிமிடத்தில் லைன் போய்விட்டது.

யார் என்று அவளுக்குத் தெரியும். தி. நகரில் அவள் புருஷன் வேலை பார்த்த ஆபீஸின் கம்ப்யூட்டர்தான். அங்கே பதினொரு பெண்கள் ஒரு கல்லூரி நூலகத்தின் அட்டைகளை எல்லாம் டைப் அடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் வெளியே இன்னொரு காப்பி இருக்க வேண்டும் என்பது ஹமீதின் பிடிவாதம். டேப்பில் எடுத்து வைக்கலாம் என்றால், அதற்கான மெஷின் வாங்க முதலாளி வெள்ளைச்சாமி மூக்கால் அழுதார். ஆகவே ஹமீது, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்தில் தன் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, மோடத்தை ஃபோன் லைனில் செருகிவிட்டார். பெண்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, ஏழு மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் தானே டயல் பண்ணும். அன்றைய வேலை முழுதும் ஃபோன் வழியாக இங்கே வந்து சேரும். முடியாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து ஒரு தடவை, ஏழு பத்துக்குக் கடைசியாக ஒரு தடவை.

"ஏழு மணிக்கு அடிச்சா நீ எடுக்காத ஜமீலா. நாலு ரிங் போவட்டும், மோடம் எடுத்துக்கும்" என்று ஹமீது ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். இரண்டு வருஷமாக அவளும் எடுத்ததில்லை.

அந்தப் பதினொன்றாம் நாளுக்கு முந்தின சாயங்காலம்தான் ஹமீதின் கீழே வேலை பார்த்த ரகுபதி ஃபோன் செய்திருந்தான். "அம்மா, இத்தா முடியுற வரைக்கும் நாங்க யாரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டோம். நாளைலேர்ந்து பழையபடி ஏழு மணிக்கு அடிக்கும், ஆறரைக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணி வச்சா மட்டும் போதும்." நாலு மாதம் பத்து நாள் அவள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்களைப் பார்க்கக் கூடாது. அது அவனுக்குத் தெரிந்திருந்தது. நல்ல பிள்ளை.

அவளும் சொன்ன சொல் தவறவில்லை. தினம் ஆறரைக்குத் துணியால் துடைத்து ஆன் செய்தாள். ஏழு மணிக்கு ஃபோன் அடித்ததும் முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

முதல் நாள் எடுத்தது, துக்கம் கேட்டு வந்த ஃபோனை எல்லாம் பத்து நாளாக எடுத்த கைப்பழக்கம். அதற்கப்புறம் எடுத்ததற்கு அந்தச் சாக்குச் சொல்ல முடியாது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து நாத்தனார் அன்வரி பேகமும் ராயப்பேட்டைக்குப் போய்விட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. காலையிலிருந்து வாயே திறக்காமல் கழித்த நாளில் ஒரு ஃபோன் வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்? பேசினாள். இன்றைக்கும் தண்ணி லாரி வரவில்லை என்றாள். உங்கள் சட்டைகளை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டாள். அந்தப் பக்கம் 'பீப்' என்றது. ஹமீது உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன பெரிதாகப் பேசிவிட்டார், அவரும் 'ம்' கொட்டுகிற ஆள்தானே. மூன்று தடவையும் எடுத்தாள். மொத்தம் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்காக மீதி நாளைத் தள்ளினாள்.

ஆபீஸில் இது யாருக்கும் தெரியவில்லை. 'அனுப்ப முடியவில்லை' என்று திரையில் எழுதித்தான் இருக்கும். காலையில் முதலில் வருகிற பெண் ஒரு பட்டனைத் தட்டி அதை மறைய வைத்துவிட்டு வேலையை ஆரம்பிப்பாள்.

ஜூலையில் ஒரு நாள் ஏழு மணிக்கு ஃபோன் அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. நாலாம் நாள் இத்தா முடிந்தது. அன்று காலையிலேயே ரகுபதி வந்து நின்றான்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல டிஸ்க் போயிடுச்சும்மா. மூணு நாளா மொதலாளி குதிக்கிறாரு. பாய் வீட்ல காப்பி இருக்கு, இத்தா முடியட்டும்னு நான்தான் புடிச்சு வச்சிருந்தேன்."

உட்கார்ந்து தட்டிப் பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போனது. "மார்ச் பதிமூணோட நிக்குதும்மா. பாய் தவறுனதுக்கு மொத நாள். அப்புறம் ஒண்ணுமே வர்ல."

அங்கிருந்தே முதலாளிக்கு ஃபோன் போட்டுச் சொன்னான். வெள்ளைச்சாமியின் குரல் கூடத்தில் நின்றிருந்த ஜமீலுன்னிசாவுக்கே கேட்டது. "எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவாரேய்யா அந்த பாய். அவரு இருந்து பாத்துக்குற வரைக்கும்தான் ஓடுமா? இதான் அவரு செஞ்ச லட்சணமா?"

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் பழி போனவர் தலையில் போகும். திறந்தால் மானம் போகும். கையை நீட்டி ஃபோனை வாங்கினாள்.

"அவரு செஞ்சதுல ஒரு கொறையும் இல்லீங்க. தெனம் மோடம் எடுக்குறதுக்குள்ள நான் எடுத்துட்டேன்."

"எடுத்து?"

"பேசிக்கிட்டிருந்தேன்."

"யார்கிட்டம்மா?"

"அவர்கிட்டதான்."

ரகுபதி தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளைச்சாமி இறங்கிய குரலில், "வீட்டுக்காரரை விட்டுக்குடுக்க உங்களுக்கு மனசு வரல. எனக்குப் புரியுதும்மா" என்றார். அவர் நம்பவில்லை. வாய்விட்டுச் சொன்னதும் வீணாகிப்போனதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"அங்க வேற கம்ப்யூட்டர் இருக்குல்ல? நாளைக்கி ஏழு மணிக்கு அடிச்சுப் பாருங்க. நான் எடுக்க மாட்டேன்."

புது டேப் மெஷினுக்கு அன்றே ஆர்டர் போயிற்று. பெண்கள் நாலு மாத வேலையை மறுபடி டைப் அடிக்க வேண்டும், அதுவும் அவளால். சனிக்கிழமை வந்து இந்தக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போவதாக ரகுபதி தயங்கித் தயங்கிச் சொன்னான். நாளைக்கு வருவதுதான் கடைசி ஃபோன்.

மறுநாள் காலை நாலு மாதத்துக்குப் பிறகு தெருமுனை வரை போய் வந்தாள். மருந்துக் கடை இருந்த இடத்தில் எஸ்டிடி பூத் வந்திருந்தது. வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வது? ஆறரைக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்கு அடித்தது. கை தானாகப் போயிற்று. இழுத்து மடியில் வைத்து இன்னொரு கையால் அழுத்திக்கொண்டாள். இரண்டாவது ரிங். மூன்றாவது. 'ஏங்க' என்று வாய்வரை வந்துவிட்டது. நாலாவது ரிங் பாதியில் நின்றது. மோடம் கீச்சிட்டு இரைந்து அடங்கியது, திரையில் எண்கள் ஓடின. நாலு நிமிடத்தில் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டதாக ஒரு வரி வந்து நின்றது. தி. நகரில் வெள்ளைச்சாமியும் இதே வரியைப் பார்த்திருப்பார். ஹமீது செய்ததில் ஒரு குறையும் இல்லை.

முதல் தடவையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் ஏழு ஐந்துக்கு ஃபோன் அடிக்கவில்லை. ஏழு பத்துக்கும் அடிக்கவில்லை. அது அடிக்காது என்று தெரிந்தும் ஜமீலுன்னிசா அதுவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.