குங்குமம் வைத்த சீட்டு

கணினி மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மாதேஸ்வரி புதுப்பித்து இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கணினி இரண்டு முறை தானாகவே அணைந்துவிட்டது. ஓசூர்த் தொழிற்சாலையில் உலோக வார்ப்புகளை அளக்க இருந்த ஒரே கணினி அது. பயிற்சிக்கு வந்தவள், யாரையும் கேட்காமல் கைவைத்துவிட்டாள். வேலை போய்விடும். மூன்றாம் முறை போட்டபோது பிராசஸரின் சூடு தொண்ணூற்றாறு டிகிரி என்று திரை காட்டியது. நேற்றுவரை அது அறுபத்தைந்தைத் தாண்டியதில்லை.

"திம்மப்பண்ணா, கொஞ்சம் வாங்க. நான் இதைக் கெடுத்துட்டேன்."

பக்கத்து மெஷினில் இருந்த பாகலூர்க்காரர் திம்மப்பன், கன்னடமும் படிக்கத் தெரிந்தவர், வந்து கேபினெட்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "தோசை ஊத்தலாம் போலிருக்குதே! இந்தச் சீட்டுல இருக்கறபடி செஞ்சியா?"

கேபினெட்டில் ஒட்டியிருந்த கன்னடச் சீட்டு அது. ஆயுத பூஜையன்று அதன்மேலும் குங்குமம் வைத்திருந்தார்கள். கன்னடம் படிக்கத் தெரியாத மாதேஸ்வரி தினமும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

"அது சாமி மந்திரம் இல்லீங்களா?"

"மந்திரமா! முன்னிருந்த ஆபரேட்டர் எழுதினது. 'பயாஸ் மாத்தினா செட்டிங் அழிஞ்சிரும், ஃபேனைத் திரும்ப ஃபுல் ஸ்பீடுல வை'ன்னு இருக்குது."

மாதேஸ்வரி அப்படியே மாற்றினாள். ஃபேன் இரைந்தது. சூடு எண்பத்தெட்டு, எழுபத்தொன்று என்று இறங்கி அறுபத்து மூன்றில் நின்றது.

சூப்பர்வைசர் கதவைத் திறந்தார். "கம்ப்யூட்டர் நல்லாயிருக்குதாம்மா? வார்ப்பு வந்து நிக்குது."

மாதேஸ்வரி தலையை ஆட்டினாள்.

"நல்லாயிருக்குதுங்க சார்," என்றார் திம்மப்பன். "பொண்ணு அந்தச் சீட்டைத் தெனமும் கும்பிடுதில்ல, சாமி கைவிடுமா?"