பாத்திரத் துணிகளுக்கு அடியில் ஓர் அகராதி

1

"அம்மா, விருந்தாளி வந்தா நீ மட்டும் ஏன் சமையலறைக்குள்ள ஒளிஞ்சுக்கறே?"

மாவோரிச் சிறுமி அவ்ஹினா கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் கதை பிறந்தது, மறைக்க மாட்டேன். அவள் அம்மா மிரியாமா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மராய் எனும் ஊர்ப்பொது மன்றத்தின் முற்றத்துக்குப் போனால் யாராவது மாவோரி மொழியில் பேசிவிடுவார்கள். அவள் வீட்டில் அந்த மொழி அவள் பிறப்பதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது.

2

அன்று மழை பெய்து...

(வேண்டாம். மழைக்கு இங்கே வேலையில்லை.)

அவர்கள் ஊரான ஓப்போத்திக்கியில் சாலையோரத்தில் ஒரு புத்தகப் பெட்டி உண்டு. வேண்டியதை எடுக்கலாம், இருப்பதை வைக்கலாம். அதில்தான் மிரியாமாவுக்கு ஒரு மாவோரி அகராதி கிடைத்தது. யாரோ தாம் கற்ற சொற்களுக்குப் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்கள். வானம், கண்ணீர், வா. தனக்கு முன்னால் ஒருவர் இதே வழியில் தடுமாறி நடந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெம்பளித்தது. தானும் நீல மையால் புள்ளி வைக்கத் தொடங்கினாள்.

3

கேலிக்குப் பயந்து, அகராதியைத் தலைத்துணியில் சுற்றி, மராய் மன்றத்தின் சமையலறையில் பாத்திரம் துடைக்கும் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அங்கேதான் தவறினாள். மாவோரி வழக்கில் தலை புனிதமானது; தலைக்கு உரியதும் சோற்றுக்கு உரியதும் ஒன்றாகக் கிடக்கலாமா?

"எவடி இது?" அண்ணி ஹூயா அலறினாள். "தலைத்துணியைப் போய்த் தட்டு துடைக்கிற துணியோட!"

உதறினாள். அகராதி விழுந்தது. சமையலறையே திரும்பிப் பார்த்தது.

"குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து படிக்கறேன், அண்ணி."

"அடி கள்ளி! நீ முணுமுணுத்தப்போ கிழங்கைத் திட்டறேன்னுல்ல நெனச்சோம்!"

சிரிப்பு அடங்கியதும் ஹூயா கிட்டே வந்தாள். "சனிக்கிழமை விருந்தாளிங்க வர்றாங்க. எப்பவும் அழைக்கிற பாரேகுரா சித்திக்குக் குரலே எழும்பல. ஒரு பொம்பள நம்ம மொழியில கூப்பிடாம அவங்க வாசலைத் தாண்ட மாட்டாங்க. நீ கூப்பிடு. சித்திகிட்ட நான் சொல்லிக்கறேன்."

பிறகு அத்தனை துணிகளையும் ஹூயாவே மறுபடி துவைத்துப் போட்டாள்.

4

(ஒரு வரைவில் மிரியாமாவின் குரல் உடைந்தது. எனக்கு மனம் வரவில்லை. கிழித்துவிட்டேன்.)

சனிக்கிழமை, மன்றத்து வாசலில் கறுப்புடையில் கூட்டம். முன்னால் ஒருவர், இறந்த மனைவியின் படத்தை மார்போடு அணைத்து நின்றார். மிரியாமா ஆயத்தம் செய்தது உயிரோடிருப்பவர்களுக்கான அழைப்பு மட்டுமே. அவள் மனத்துக்குள் கடவுளைக் கூப்பிட்டாள். பென்சில் புள்ளிகள் நினைவில் எழுந்தன.

"வாருங்கள்! உங்கள் இறந்தோரோடும் கண்ணீரோடும் வாருங்கள்!"

மாவோரியில் அவள் குரல் முற்றத்தைக் கடந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் அதே மொழியில் பதில் தந்தது. கூட்டம் நகர்ந்தது, படத்தை ஏந்தியவர் முதலில் அடியெடுத்து வைத்தார்.

"பாத்தீங்களாடி என் நாத்தனாரை!" சமையலறைச் சன்னலில், மாவுக் கையால் கண்ணைத் துடைத்தாள் ஹூயா.

விருந்து முடிந்ததும் அவ்ஹினா வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "இன்னிக்கு நீ ஒளியல."

5

இனி எப்போதும் அவளே அழைப்பாளா, சித்திக்குக் குரல் திரும்புமா? அந்த முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவே: மிரியாமா தனக்கென்று புது அகராதி வாங்கிக்கொண்டாள். பென்சில் புள்ளிகளும் நீலப் புள்ளிகளுமாக இருந்த பழையதை அந்தச் சாலையோரப் பெட்டியிலேயே வைத்து, கதவைச் சாத்திவிட்டு நடந்தாள்.

யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.